சைக்கிளிலிருந்து இறங்காதவர்கள்

சில மாதங்களுக்கு முன் என் பெரியப்பா பேரனைக் கம்போங் குவாந்தானுக்கு அழைத்துப்போனேன். பதினைந்து வயதுப் பையன். அவன் அப்பா, என் அண்ணன், கும்பல் வெட்டுக்குத்து வழக்கில் சிறையில் இருக்கிறார். அந்த வாரம் பள்ளியில் இவனும் ஒருத்தன் மூக்கை உடைத்திருந்தான். விசாரித்த ஆசிரியர், "அப்பன் ரத்தம்தானே, வேற எப்படி இருக்கும்?" என்றாராம். அவன் பேசாமல் இருந்தான். மின்மினி பார்த்தாலாவது மனசு மாறும் என்று கூட்டிப்போனேன்.

சிலாங்கூர் ஆற்றில் அன்று நிலவு இல்லை. மலாய்ப் பெரியவர் ஒருவர் சத்தமில்லாமல் சம்பான் வலித்தார். பெரம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒரே தாளத்தில் விட்டுவிட்டு ஒளிர்ந்தன. யாரும் சொல்லிக்கொடுக்காமல் பிறவியிலேயே வருவது அது. பையன் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சித்தப்பா, எனக்கும் அப்பா ரத்தம்தானே? அது போகாதுதானே?"

படகில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து பழைய புத்தகங்களைப் புரட்டினேன். இந்த 'ரத்தம்' என்ற பேச்சுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அது நம் தோட்டங்கள் வழியாகவே நடந்து வந்திருக்கிறது.

இன்று தமிழ் இளைஞன் என்றாலே முரடன் என்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் இதே சிலாங்கூரில் வெள்ளைக்காரத் துரைமார் சொன்னது நேர் எதிர். தமிழன் பிறவியிலேயே பணிவானவன், அடித்தாலும் திருப்பி அடிக்கமாட்டான், அதனால்தான் ரப்பர் தோட்டத்துக்கு ஏற்றவன் என்றார்கள். சீனத் தொழிலாளி கூலிக்குப் பேரம் பேசுவான், மலாய்க்காரருக்குச் சொந்தக் காணி உண்டு. கங்காணியிடம் கடன்பட்டுக் கப்பலேறி, தோட்டத்துக்குள்ளேயே லயத்தில் குடியிருந்து, தோட்டக் கடையிலேயே அரிசி வாங்குகிறவன் எங்கே முறைப்பது? ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வரும்வரை வேலையை விட்டு ஓடுவது சிறைக்குப் போகவேண்டிய குற்றம். இத்தனை பூட்டையும் போட்டுவிட்டு, "பாருங்கள், எவ்வளவு சாது!" என்று எழுதிவைத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கடலுக்கு அந்தப் பக்கம் இதே வெள்ளைக்காரன் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தான். 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பிறமலைக் கள்ளர் உட்படப் பல சமூகத்தார் பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவேட்டில் ஏறினார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். கப்பல் ஏறினால் பிறவிச் சாது, ஊரிலேயே இருந்தால் பிறவித் திருடன். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ரத்தமா மாறிவிட்டது?

மலாய்க்காரர்களும் தப்பவில்லை. சிங்கப்பூர் மனநோய் மருத்துவமனையின் தலைமை மருத்துவர் கில்மோர் எல்லிஸ், 'மலாய்க்காரர்களின் அமோக்' பற்றி 1893-இல் மருத்துவ இதழில் எழுதினார். திடீரென்று வெறிகொண்டு கண்ணில் பட்டவரை வெட்டுவது ஓர் இனத்தின் தனிக்குணம்போலப் பதிவானது. லாரூட்டில் கீ ஹின், ஹாய் சான் கும்பல்கள் மோதிய காலத்தில் சீனர்தான் முரடர். சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. மகாதீர் 1970-இல் எழுதிய 'மலாய்க்காரரின் இக்கட்டு' நூலில் மரபுவழியும் சூழலும் மலாய் இனத்தை எப்படி ஆக்கின என்றே ஓர் அத்தியாயம் உண்டு. 'சோம்பேறிச் சுதேசி' என்ற கட்டுக்கதையை சைட் ஹுசேன் அலாத்தாஸ் 1977-இல் உடைத்துக் காட்டினார். 'சாதுவான தமிழன்' என்ற கட்டுக்கதையை அதற்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே உடைத்தவர்கள் படித்தவர்கள் அல்ல, பால்மரம் வெட்டியவர்கள்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதனும் அதற்கு முன்னால் நின்றார்கள். கோரிக்கைப் பட்டியலைப் படித்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். சீனருக்குச் சமமான கூலி, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுவது என்று போகும் பட்டியலில், நடுவே ஒரு வரி: துரை, கிராணிமார் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்காமல் போக உரிமை வேண்டும்.

அதுவரை துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்கவேண்டும். 'இயற்கையான பணிவு' என்று துரை நினைத்தது இதைத்தான்.

மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தார்கள். போராட்டம் சிலாங்கூர் முழுக்கப் பரவியது. மே 16 அன்று அவசரநிலை. ராணுவம் இறங்கியது. ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். அதிகாரிகள் அப்போதும் தங்கள் கோட்பாட்டை விடவில்லை. கூலிகள் சாதுக்கள், வெளியாட்கள் தூண்டிவிட்டார்கள் என்றே சொன்னார்கள். எந்தச் சம்பவம் நடந்தாலும் அசையாத கோட்பாடு அறிவியல் அல்ல.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. லயத்தில் மூர்க்கமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். துரையிடம் குனிந்த என் தாத்தா, கள்ளு குடித்துவிட்டு வந்து பாட்டியை அடிப்பார். பாட்டி மருமகள்களை அடிக்கமாட்டார், பேசியே கொல்லுவார். அடி மேலே போகவில்லை, கீழே இறங்கியது. கோபத்தில் கை ஓங்குவது ஒன்று, லாபக் கணக்குப் போட்டு அடிப்பது இன்னொன்று, ஒதுக்கிவைத்து வதைப்பது மற்றொன்று. எல்லாவற்றுக்கும் 'ரத்தம்' என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம்.

இன்றைய மரபணு ஆய்வு இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்குகிறது. கனடாவின் கியூபெக்கில் ஆறு வயது இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்து 2005-இல் ஒரு கட்டுரை வந்தது. அடிதடியில் குழந்தைகளுக்கிடையே தெரிந்த வேறுபாட்டில் பாதிக்கு மேல் மரபணுவின் பங்கு. புறம்பேசுவது, கூட்டத்திலிருந்து ஒதுக்குவது ஆகியவற்றில் அந்தப் பங்கு ஐந்தில் ஒன்றுதான். ஆக மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நாமும் பொய் சொல்லவேண்டாம்.

1993-இல் நெதர்லாந்தில் ஹான் புரூனர் குழுவினர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். அதில் சில ஆண்களிடம் எம்.ஏ.ஓ.ஏ. என்ற மரபணு செயலற்றுப்போயிருந்தது. அவர்களிடம் திடீர் வன்முறை தெரிந்தது. ஆனால் அது மிக மிக அரிதான குறைபாடு. பரவலாக இருப்பது அந்த மரபணுவின் வேகம் குறைந்த வடிவம். நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்து வளர்ந்த ஆண்பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த காஸ்பி, மொஃபிட் குழுவினர் 2002-இல் ஒன்று சொன்னார்கள்: இந்த வடிவம் இருந்து, சிறுவயதில் கொடுமைக்கும் ஆளானவர்களிடமே பின்னாளில் வன்முறை கூடுதலாகத் தெரிந்தது. கொடுமை இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களிடம் மரபணு பெரிய வித்தியாசம் காட்டவில்லை. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாமே இதை அதே பலத்தோடு உறுதிசெய்யவில்லை. ஆனாலும் 2006-இல் இதே மரபணுவை 'போர்வீரன் மரபணு' என்று மவோரி மக்கள்மேல் ஒட்டிச் செய்தி ஓடியது. பழைய துரையின் குரல், புதிய ஆய்வுக்கூட அங்கியில்.

தஞ்சோங் காராங் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூட்டை விதையை இரண்டு பாத்தியில் விதைக்கிறோம். ஒன்றுக்குத் தண்ணீரும் உரமும் உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. ஒரே பாத்திக்குள் ஒரு பயிர் உயரமாகவும் பக்கத்துப் பயிர் குட்டையாகவும் இருந்தால் அதற்கு விதை காரணமாகலாம். இரண்டு பாத்திகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்துக்குக் காரணம் தண்ணீர். இரட்டையர் ஆய்வு பேசுவது ஒரு பாத்தியின் உள்ளே. இனத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறவர்கள் அதை இரண்டு பாத்திகளுக்கு இடையே கொண்டுபோய் வைக்கிறார்கள்.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பெயரை வெளியிட்டது. மொத்தம் 40,313 உறுப்பினர்கள், அதில் 28,926 பேர் இந்தியர்கள் என்றது. மக்கள்தொகையில் நாம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1941-க்கும் 2013-க்கும் இடையே எழுபத்திரண்டு ஆண்டுகள், மூன்று தலைமுறை. ஓர் இனத்தின் மரபணு சாதுவிலிருந்து முரடாக மாற இது போதாது. தோட்டம் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, வீடமைப்புத் திட்டமாகி, லயத்து ஜனம் வேலையும் வீடும் இழந்து அடுக்குமாடிக்குப் போய்ச்சேர இது தாராளமாகப் போதும். என் அண்ணன் போனது அப்படித்தான். அவர் குத்தியது அவர் குற்றம், அதை நான் துடைக்கவில்லை. ஆனால் அந்தக் கத்தி ரத்தத்திலிருந்து முளைக்கவில்லை. வீட்டில் வாங்கிய அடி, பாதியில் விட்ட பள்ளி, 'வாடா தம்பி' என்று தோளில் கைபோட்ட முதல் ஆள் ஒரு கும்பல்காரன் என்ற மூன்றும் சேர்ந்துதான் அவர் கையில் அதைக் கொடுத்தன.

போன வாரம் பையனிடம் இதையெல்லாம் சொல்ல உட்கார்ந்தேன். மரபணுப் பகுதியில் கொட்டாவி விட்டான். சைக்கிள் கதைக்கு மட்டும் நிமிர்ந்தான்.

"தாத்தாவோட அப்பாவும் இறங்காம போனாரா சித்தப்பா?"

"தெரியலடா. ஆனா போனவங்க இருந்தாங்க."

"அவங்க யாரையும் அடிக்கலையா?"

"கூலி கேட்டாங்க. சைக்கிள்ல உட்கார்ந்தே போகணும்னு கேட்டாங்க. சுட்டது மத்தவன்."

கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, மூக்கு உடைந்த பையனின் வீடு பக்கத்துத் தாமானில்தான் இருக்கிறது, நாளைக்குப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டான். அதுவும் இவன் அப்பா ரத்தம்தான்.