ஆக்சிஜன் மாஸ்க்: எதற்கு எத்தனை லிட்டர்?

வீட்டில் ஒருவருக்கு ஆக்சிஜன் வைக்கும்போது நாம் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறோம்; மாஸ்க் எந்த வகை என்று பார்ப்பதில்லை. மாஸ்க் மாறினால் லிட்டர் அளவும் மாறும். எதை, எவ்வளவு வைப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்வார். பெரியவர்களுக்கு நிமிடத்திற்கான பொதுவான அளவுகள் இவை:

மூக்குக் குழாய்: 1 முதல் 6 லிட்டர்.

சாதாரண மாஸ்க்: 5 முதல் 10 லிட்டர். 5-க்குக் கீழே குறைத்தால், வெளிவிட்ட கரியமில வாயுவையே நோயாளி மீண்டும் சுவாசிக்க நேரிடும்.

பை உள்ள மாஸ்க்: 10 முதல் 15 லிட்டர். மூச்சை இழுக்கும்போது பை முழுதாகச் சுருங்கிவிடக் கூடாது. 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் இதற்குப் போதாது.

வென்சுரி மாஸ்க்: அதன் வண்ண வால்வில் அச்சிட்டுள்ள லிட்டர் அளவையே வைக்க வேண்டும்.

கூடுதலாக வைத்தால் நல்லது என்று நாமாகக் கூட்டக் கூடாது. பெரும்பாலோருக்கு ஆக்சிமீட்டரில் 94 முதல் 98 சதவீதம் போதும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சிஓபிடி) உள்ள பலருக்கு 88 முதல் 92 தான் இலக்கு. அதற்கு மேல் போனால் இரத்தத்தில் கரியமில வாயு கூடி மயக்கம் வரலாம்.

ஆக்சிஜன் ஓடும் அறையில் அடுப்பு, சிகரெட், ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் வேண்டாம். மூச்சுத்திணறல் கூடினாலோ, நோயாளி அரைமயக்கமாக இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.