நடுவழியில் நிற்கும் மோட்டார்

ஒரு நகரத்தின் சரித்திரத்தைக் கோயில்களிலும் கோட்டைகளிலும் தேடுவது நம் வழக்கம். சென்னையின் சரித்திரத்தில் ஒரு பகுதி, ஓடிக்கொண்டிருக்கையில் திடீரென்று நின்றுவிடும் பழைய மோட்டார் வண்டிக்குள்ளும் இருக்கிறது என்று நான் சொன்னால் நீங்கள் வியக்கக்கூடும். அது ஏன் நிற்கிறது என்று ஆராயப் புகுந்தவன், எரிபொருள் மாறிய கதையையும் அதனுடன் மனிதனின் ஆராயும் முறை வளர்ந்த கதையையும் சேர்த்தே படிக்கிறான்.

1903ஆம் ஆண்டில் சென்னை சிம்ப்ஸன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் ஒரு காரைக் கட்டினார். நீராவி வண்டி நின்றால் காரணம் கண்ணுக்குத் தெரியும். நெருப்புத் தணிந்திருக்கும், அல்லது நீர் வற்றியிருக்கும். பெட்ரோல் வண்டியிலோ காரணம் உள்ளே மறைந்து கிடக்கிறது. பெட்ரோலைக் காற்றுடன் துளித்துளியாகக் கலக்கும் கார்ப்யூரேட்டரை 1893இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் மேபாக் செப்பம் செய்தார். பாட்டரி, காயில், பாயிண்ட் ஆகியவற்றைக் கொண்டு பொறி எழுப்பும் முறையை 1910ஐ ஒட்டி அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் உருவாக்கினார். இவ்விரண்டில் எது தவறினாலும் வண்டி நின்றுவிடும். “கரண்ட் வரவில்லையா, பெட்ரோல் வரவில்லையா?” என்று நம் மெக்கானிக்குகள் முதலில் கேட்கும் கேள்வி இந்த இரு கண்டுபிடிப்புகளின் வழி வந்ததுதான்.

1948இல் சென்னையில் இரண்டு மோட்டார் நிறுவனங்கள் தோன்றின. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டி இணைத்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் பெருங்களத்தூர்த் தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் ஹெரால்டு காரை வெளியிட்டது. அக்காலத்துக் கார்களின் பெட்ரோல் பம்பு பெரும்பாலும் எஞ்சினோடு ஒட்டியே இருந்தது. கோடை வெயிலில், லஸ் முனையிலிருந்து பனகல் பூங்கா வரை நெரிசலில் ஊர்ந்து செல்லும் எஞ்சினுக்கு வீசும் காற்று குறைவு. அந்த வெப்பத்தில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டால், திரவத்தை இழுக்கும் பம்பு ஆவியை இழுக்க மாட்டாமல் திகைக்கும். பானட்டைத் திறந்து வைத்துப் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றும் காட்சி அன்றைய சென்னையில் சாதாரணம்.

ஆனால் ஒரே அடையாளம் ஒரே நோயைக் குறிப்பதில்லை. எங்கள் வீட்டில் கார்ப்யூரேட்டர் வைத்த பழைய கார் ஒன்று உண்டு. மயிலாப்பூரிலிருந்து புறப்பட்டு அடையாறு திரு.வி.க. பாலத்தை நெருங்கும்போதெல்லாம் அது நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்தால் ஒன்றும் நடவாததுபோல் கிளம்பும். காயிலை மாற்று என்றார் ஒருவர். கார்ப்யூரேட்டரையே மாற்று என்றார் மற்றொருவர். இரண்டும் பையைக் காலி செய்யும் யோசனைகள். வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரோ எதையும் கழற்றாமல் முதலில் என்னைத்தான் கேட்டார்: “வண்டி விளக்கை அணைத்தாற்போல் நின்றதா, மூச்சுத் திணறி நின்றதா?”

திணறித்தான் நிற்கிறது என்றேன். சட்டென்று நின்றால் மின்சாரத்தையும், திணறி நின்றால் பெட்ரோலையும் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று விளக்கினார். பிறகு வண்டியில் ஏறி என்னுடனேயே வந்தார். வழக்கமான இடத்தில் அது தடுமாறியதும் சாலையோரமாக ஒதுக்கச் சொன்னார். ஆறிய வண்டி உண்மையைச் சொல்லாது. ஆகையால் சூடு தணியுமுன்பே சோதிக்கத் தொடங்கினார். பெட்ரோல் வாடை ஏதும் இல்லை என்று தெரிந்துகொண்டபின் பிளக்கில் பொறியைப் பார்த்தார், நீலமாகத் தெறித்தது. காயில் குற்றமற்றது. அடுத்துக் கார்ப்யூரேட்டரைப் பார்த்தார், வறண்டிருந்தது. பம்பைத் துணியால் குளிர்வித்தும் பெட்ரோல் வரவில்லை. கடைசியாக டாங்கின் மூடியைத் திருகினார். “உஸ்” என்று காற்று உள்ளே பாய்ந்தது, வண்டி கிளம்பியது! மூடியில் காற்றுப் புகும் சிறு துளை அழுக்கால் அடைபட்டிருந்தது. பெட்ரோல் குறையக் குறைய டாங்கினுள் வெற்றிடம் உண்டாகிப் பம்பை எதிர்த்திருக்கிறது. ஓர் ஊசியால் அந்நோய் தீர்ந்தது.

இந்த ஒழுங்கு ஒருநாளில் பிறந்ததன்று. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீட்டுக்கு உள்ளானபோது கரிவாயுவால் வண்டிகளை ஓட்டினார்கள்; மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அதற்கான கலங்களைச் செய்தது. எரிபொருள் மாறவே, அடைபட்ட வடிகட்டியும் வலுவற்ற வாயுவும் வண்டி நிற்பதற்குப் புதிய காரணங்களாயின. தொழிலாளர் அவற்றையும் கற்றுக்கொண்டனர். இன்றும் அதுபோன்ற ஒரு மாற்றத்தின் நடுவேதான் நிற்கிறோம். 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும்; பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் நாளடைவில் கெடுக்கும்; டாங்கில் படிந்த கசட்டைக் கிளப்பி வடிகட்டியில் சேர்க்கும். எனவே பழைய கார் நின்றால் இந்த மூன்றையும் இன்று பார்த்தாக வேண்டும்.

2000ஆம் ஆண்டை ஒட்டிப் புகை விதிகள் கடுமையானதும் புதிய கார்களில் கார்ப்யூரேட்டர் மறைந்து, கணினி ஆளும் பெட்ரோல் பீச்சுமுறை வந்தது. கோளாறைக் குறி எண்ணாகக் கருவியே காட்டிவிடுகிறது. எனினும் அந்த எண் சந்தேகத்துக்குரிய இடத்தைச் சுட்டுமேயன்றி, ஏன் என்பதைச் சொல்லிவிடாது.

மாணவ நண்பர்களே, எப்போது நின்றது, எப்படி நின்றது என்று கேட்பது; காரணங்களை வரிசைப்படுத்துவது; ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் சோதித்து விலக்குவது: ஆய்வுக்கூடத்தில் உங்களுக்குக் கற்பிக்கும் விஞ்ஞான முறை இதுவேயன்றோ? புத்தகம் படியாத பல கைகள் இதைச் சென்னைத் தெருவோரங்களில் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கின்றன. பழைய கார்கள் ஒருநாள் காட்சிசாலைக்குப் போய்விடும். அவற்றைப் பழுது பார்த்தவர்களின் அறிவை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அருகிருந்து கேட்டு எழுதிக்கொள்வது உங்கள் தலைமுறையின் கடமையாகும்.