ஒரு மதர்போட்டும் கொஞ்ச வரலாறும்



போன கிழமை தரம் 10 படிக்கிற பொடியன் ஒருத்தன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். பாவித்த எச்110 மதர்போட்.

"சேர், மலிவா வருது. மாமா கட்டாரில இருந்து ஐ5 8400 புரொசசர் கொண்டு வந்து தந்தவர். கேம் கணனி கட்டப் போறன். வாப்பாவும் ஓமெண்டிட்டார். வாங்கவா?"

வேண்டாம் என்றேன். காரணம் சொல்லப் போய் ஒரு வரலாற்றுப் பாடமே நடந்துவிட்டது.

1981 ஓகஸ்டில் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டது. அதன் போட்டில் ஐந்து ஸ்லொட்டுகள். சந்தையில் கிடைத்த பாகங்களாலேயே அதைச் செய்து, உள் விபரங்களையும் வெளியிட்டார்கள். அதனால்தான் மற்றக் கம்பனிகளும் செய்தன. வீட்டில் கணனி கட்டவும் வழி பிறந்தது. 1995 இல் இன்டெல் ஏடிஎக்ஸ் அளவைக் கொண்டுவந்தது. ஆணித்துளையும் பவர் இணைப்பும் பொதுவாகின.

அந்த 1981 இல், ஐபிஎம் பிசி வர இரண்டு மாதத்துக்கு முந்தித்தான் எங்கட பொது நூலகம் எரிந்தது. 1990 இல் மின்சாரம் போனது, பற்றரிக்கும் தடை. இங்கிருந்த சனம் சைக்கிள் டைனமோ சுற்றி றேடியோ கேட்டது. நாங்கள் அதைப் பார்க்கவில்லை. அந்த ஒக்ரோபர் கடைசியில் முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டு விட்டோம். 2002 இல் ஏ9 திறந்தது, 2006 ஓகஸ்டில் திரும்ப மூடியது. உலகம் வீட்டில் கணனி கட்டிப் பழகின காலமெல்லாம் எங்களுக்கு இப்படித்தான் போனது.

என் வாப்பா றேடியோ திருத்துபவர். புத்தளத்தில் யாரோ எறிந்த போட்டுகளைக் கழற்றித்தான் திரும்பத் தொழில் தொடங்கினார். எதுக்கு எது பொருந்தும் என்று பார்க்காமல் ஒரு சாமானும் வாங்கமாட்டார். பிழையாக ஒருதரம் வாங்கினால் மறுதரம் வாங்கக் காசில்லை.

இனிப் பொடியனின் விசயம். எச்110 வந்தது 2015 இல். சொக்கெட்டில் 1151 பின். 2017 இல் வந்த எட்டாம் தலைமுறைக்கும் அதே 1151 பின்தான். புரொசசர் வடிவாக உள்ளே இருக்கும், ஆனால் வேலை செய்யாது. அவனுக்குத் தேவை 2018 இல் வந்த எச்310 அல்லது பி360.

கையில் புரொசசர் இல்லாதவர்கள் ஏஎம்டியின் ஏஎம்4 பக்கம் பாருங்கள். 2017 இல் ரைசன் வந்த அந்த சொக்கெட்டில், பயோஸ் புதுப்பித்தால் பல பழைய போட்டுகளும் 5000 வரிசைப் புரொசசரை ஏற்கும். இன்றைக்குச் சின்னதாய் வாங்கி, காசு சேரும்போது கூட்டலாம். ஆனால் அந்தப் போட்டின் மாதிரிப் பெயரைக் கம்பனிப் பட்டியலில் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

பொடியன் எச்310 தேடுகிறான். உங்கட வீட்டு அலுமாரியில் பழைய போட் கிடந்தால் எறியாதீர்கள். அதில் அச்சடித்திருக்கிற பெயரை கீழே எழுதுங்கள். ஒரு வாப்பாவின் காசு மிஞ்சும்.