மலிவுப் பிரிமியத்தின் கணக்கு

ஓட்டைக் குடையை வாங்கியவருக்கு அடுத்த மழையிலேயே உண்மை தெரிந்துவிடும். இன்சூரன்ஸ் அப்படிப்பட்ட சரக்கன்று. பணத்தை இன்று கட்டுகிறோம். அதன் பயன் தேவைப்படுவதோ பல ஆண்டுகள் கழித்து. இந்த இடைவெளிதான் மோசடிக்காரர்களின் மூலதனம். தம்மீது வரக்கூடிய நஷ்ட ஈட்டு வழக்குகளுக்காக மருத்துவர்கள் செய்துகொள்ளும் தொழில் காப்பீட்டில் இந்த இடைவெளி மிக நீளமானது. இன்று செய்த அறுவை சிகிச்சை குறித்து இரண்டு ஆண்டுகள் கழித்து வழக்கு வரலாம். தீர்ப்பு வரப் பத்தாண்டுகூட ஆகலாம். அதுவரை போலிப் பாலிசியும் நல்ல பாலிசியும் பார்வைக்கு ஒன்றே.

பௌதிகம் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என்னை இதில் இழுத்துவிட்டது ஒரு பழைய லண்டன் கம்பெனியின் கணக்கு.

1836 ஆம் ஆண்டு அங்கே ‘வெஸ்ட் மிடில்செக்ஸ்’ என்னும் இன்சூரன்ஸ் கம்பெனி தோன்றியது. பகட்டான அலுவலகம், சீருடை அணிந்த பணியாளர்கள், ஏராளமான விளம்பரங்கள் எல்லாம் இருந்தன. மூலதனம் மட்டும் இல்லை. 30 வயதுடைய ஒருவர் 100 பவுன் கட்டினால் ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 8 பவுன் தருவதாக அது அறிவித்தது. அதே ஆள் அங்கேயே 100 பவுனுக்கு ஆயுள் காப்பீடு செய்துகொள்ள ஆண்டுப் பிரிமியம் 1 பவுன் 15 ஷில்லிங், அதாவது 1.75 பவுன்தான்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 8இலிருந்து 1.75ஐக் கழித்தால் 6.25. உயிருள்ளவரை ஆண்டுதோறும் 6.25 பவுன் கிடைக்கும். இறந்தபின் போட்ட 100 பவுனும் வாரிசுக்குத் திரும்பிவிடும். அவர் 40 வயதில் இறந்தால் என்ன, 80 வயதில் இறந்தால் என்ன? கம்பெனி தர வேண்டிய வட்டி ஆறேகால் சதவீதம். அந்நாளில் பிரிட்டிஷ் அரசாங்கப் பத்திரங்கள் ஈட்டிய வட்டியோ நான்கு சதவீதத்துக்கும் குறைவு! ஓயாமல் தானே சுழலும் எந்திரத்தை விற்க வருபவரிடம் பற்சக்கரங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உள்ளே போகும் ஆற்றலையும் வெளியே வரும் ஆற்றலையும் ஒப்பிட்டால் போதும்.

புதிதாகச் சேர்ந்தவர்களின் பணம் பழையவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. கிளாஸ்கோ பத்திரிகையாசிரியர் பீட்டர் மெக்கன்சி இதை விடாமல் அம்பலப்படுத்தினார். சில ஆண்டுகளிலேயே கம்பெனி மூடப்பட்டது. சேமிப்பை இழந்தவர்கள் பலர். டிக்கன்ஸ் 1843-44இல் எழுதிய ‘மார்ட்டின் சஸ்ஸில்விட்’ நாவலில் வரும் போலி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இதுவே மாதிரி என்று கருதப்படுகிறது.

அது பழங்கதை, இன்று உரிமம் உண்டு, மேற்பார்வை உண்டு என்று நினைக்கலாம். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ‘ரெசிப்ரகல் ஆஃப் அமெரிக்கா’ உரிமம் பெற்ற நிறுவனமே. மருத்துவமனைகளையும் மருத்துவர்களையும் காப்பீடு செய்துவந்த அது 2003இல் வீழ்ந்தது. உண்மையான நிதிநிலையை அதிகாரிகளிடமிருந்து மறைத்ததற்காக அதன் தலைமை நிர்வாகிகள் சிறை சென்றனர். அதனுடன் இணைந்திருந்த டென்னஸி மாநிலக் கூட்டுக் குழுக்களில் காப்பீடு செய்திருந்த மருத்துவர்களின் நிலை இன்னும் மோசம். அத்தகைய குழுக்களுக்கு மாநில உத்தரவாத நிதி கிடையாது. பிரிமியம் கட்டியிருந்தும் அவர்கள் நிராதரவாயினர்.

நம் நாட்டில், கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவப் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995 நவம்பரில் தீர்ப்பளித்தது. எனவே உங்கள் வீட்டிலும் ஒரு மருத்துவர் இருந்தால் இப்படியொரு பாலிசியை விற்க யாரேனும் வரலாம். விற்கும் நிறுவனம் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றதா என்பதை ஆணையத்தின் பட்டியலிலேயே பார்க்க வேண்டும். விளம்பரத் தாளில் அச்சிட்ட எண்ணை நம்பலாகாது. ‘வழக்கு வந்தால் உதவுவோம்’ என்னும் சந்தா ரசீது பாலிசி ஆகாது.

இன்னொன்றும் உண்டு. இவ்வகைப் பாலிசியில் ஒரு ‘முன்தேதி’ குறிக்கப்பட்டிருக்கும். அதற்கு முன் செய்த சிகிச்சைக்குக் காப்பு இல்லை. பழைய பாலிசியை விட்டு மலிவான புதியதற்கு மாறும்போது அந்தத் தேதியும் புதிதாகிவிட்டால், முந்தைய ஆண்டுகளின் நோயாளிகள் அனைவரும் காப்புக்கு வெளியே போய்விடுவர்.