யாழ்ப்பாணக் குடாநாட்டு விளையாட்டுகளும் அவற்றை ஆடியோரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆடப்பட்டு வந்த விளையாட்டுகளை அவை வந்த வழியைக் கொண்டு ஐந்து வகையாகப் பிரிக்கலாம்: பருவத்தையும் வயலையும் காற்றையும் ஒட்டிய வெளிக்கள விளையாட்டுகள், முற்றத்திலும் திண்ணையிலும் ஆடிய கல், காய் விளையாட்டுகள், ஒல்லாந்தர் காலத்தோடு உறவுடைய கடதாசி ஆட்டம், மிஷன் பாடசாலைகள் கொண்டுவந்த பந்து விளையாட்டுகள், கடைசியாகத் திரை விளையாட்டுகள். ஒருவருக்குப் பிடித்த விளையாட்டு அவருடைய குணத்தைக் காட்டும் என்பது கணினி விளையாட்டு ஆய்வில் அடிக்கடி பேசப்படும் கருத்து. ஆனால் குடாநாட்டின் வரலாற்றில் விளையாட்டைத் தெரிவு செய்தவை முதலில் நிலமும் பருவமும் கையில் இருந்த பொருளும் கூட ஆடக் கிடைத்த துணையும்தான். குணம் அவற்றுக்குப் பிறகே வருகிறது.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையை நம்பியே நெல் விளைந்தது. தை, மாசியில் அறுவடை முடிந்ததும் ஈரம் காய்ந்த வயல்கள் வெறுமையாகிவிடும். வேலி அடைத்த சிறுசிறு காணிகளாகப் பிரிந்து கிடக்கும் ஊரில் ஓடியாட அகலமான இடம் அப்போதுதான் கிடைத்தது. கிளித்தட்டு இந்தக் காலத்தின் விளையாட்டு. தாச்சி என்றும் இதற்குப் பெயர் உண்டு. நீள்சதுரமாகக் கோடு கீறி, நடுவே ஒரு நெடுங்கோடும் பல குறுக்குக் கோடுகளும் இடுவார்கள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டையும் ஒருவர் மறிப்பார். ‘கிளி’ எனப்படுபவர் நடுக்கோட்டிலும் ஓடிப் பிடிக்கலாம். எதிரணியினர் அடி வாங்காமல் மறுமுனை வரை இறங்கி, மீண்டும் ஏறி வர வேண்டும். காசு செலவில்லை, ஒரு தடியும் நிலா வெளிச்சமும் போதும். தனியொருவரின் வேகத்தைவிட, மறிப்பவரின் கவனத்தை ஒருவர் இழுக்கும்போது மற்றவர் நழுவிப் போகும் கூட்டுத் தந்திரமே இதில் வெற்றி தரும். கிட்டியும் புள்ளும் இதே வெளிகளில் ஆடப்பட்டது. தோற்றவர் மூச்சு விடாமல் பாடிக்கொண்டு ஓட வேண்டும் என்பது அதன் தண்டனை.

மழை ஓய்ந்து வாடைக்காற்று வீசும் நாட்கள் பட்டத்துக்கு உரியவை. கொக்கு, பிராந்து, பாம்பு, எட்டுமூலை என வடிவத்துக்கு வடிவம் பெயர் உண்டு. பட்டத்தின் தலைப்பக்கத்தில் வில்போல வளைத்துக் கட்டும் ‘விண்’ காற்றில் அதிர்ந்து கூவும். இராப்பொழுதில் அந்தக் கூவலைக் கொண்டே யாருடைய பட்டம் என்று அடையாளம் காண்பார்கள். வல்வெட்டித்துறையில் இந்தக் கலை உச்சம் தொட்டது. அது பாய்க்கப்பல் கட்டியும் ஓட்டியும் வாழ்ந்த ஊர். அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. காற்றின் திசையையும் கயிற்றின் இழுவையையும் அறிந்த கைகளுக்குப் பட்டம் புதிய வித்தை அல்ல. இப்போது தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டி ஊர் எல்லை கடந்து ஆட்களை ஈர்க்கிறது.

சித்திரைப் புத்தாண்டுக்கு வேறு விளையாட்டுகள் இருந்தன. போர்த்தேங்காய் அடித்தலில் ஒருவர் நிலத்தில் வைத்த தேங்காய்மேல் மற்றவர் தம் தேங்காயால் அடிப்பார். ஓடு வெடித்தால் தோல்வி. இதற்கென்றே தடித்த ஓடுள்ள காய்களைத் தேடிச் சேர்த்து வைப்பார்கள். சிங்களக் கிராமங்களில் இதே ஆட்டம் பத்தினி எனப்படும் கண்ணகித் தெய்வ வழிபாட்டோடு இணைந்த சடங்காக இருந்தது. மட்டக்களப்பில் கண்ணகி வழிபாட்டை ஒட்டிய கொம்புமுறி விளையாட்டும் இதற்கு உறவானது. மாட்டுவண்டிச் சவாரி வசதி படைத்த கமக்காரரின் விளையாட்டு. நாம்பன்களை வாங்கி, தீனி போட்டு, பழக்கி எடுக்கப் பணமும் ஆளும் வேண்டும். ஓடுவது மாடு, அளக்கப்படுவது சொந்தக்காரரின் செல்வாக்கு. கிளித்தட்டு ஆடிய வயலுக்கும் சவாரித் திடலுக்கும் இடையிலான தூரம், கூலிக்கு உழைத்தவருக்கும் காணி வைத்திருந்தவருக்கும் இடையிலான தூரமாகவும் இருந்தது.

பெண் பிள்ளைகளின் விளையாட்டுகள் வளவுக்குள் அடங்கின. கொக்கான் வெட்டுதலில் ஒரு கல்லை மேலே எறிந்து, அது கீழே விழுமுன் நிலத்தில் கிடக்கும் கற்களை ஒன்று, இரண்டு, மூன்றாக அள்ள வேண்டும். சமையலுக்கும் தம்பி தங்கையைப் பார்ப்பதற்கும் இடையே கிடைக்கும் கொஞ்ச நேரத்துக்குள் ஆடி முடிக்கக் கூடியது அது. கூப்பிட்ட குரலுக்கு உடனே எழுந்து போகவும் முடியும். புத்தாண்டு நாட்களில் மரத்தில் கட்டும் ஊஞ்சல் ஒன்றே வளர்ந்த பெண்களும் வெளிப்பட ஆடிய விளையாட்டு. ஆண்கள் ஓடுவதையும் பெண்கள் கையால் எண்ணுவதையும் விரும்பினார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. யாருக்கு எவ்வளவு இடமும் நேரமும் விடப்பட்டன என்பதன் கணக்கு அது.

திண்ணைகளில் தாயமும் நாயும் புலியும் ஆடப்பட்டன. தமிழ்நாட்டில் ஆடு புலி ஆட்டம் எனப்படுவதே குடாநாட்டில் நாயும் புலியும் ஆகிறது. ஒரு பக்கம் எண்ணிக்கையில் சிறிது, வலுவில் பெரிது. மறுபக்கம் எண்ணிக்கையில் பெரிது, வலுவில் சிறிது. நாய்கள் புலியைக் கடிக்க முடியாது. நகர இடமின்றிச் சூழ்ந்து மறிக்கவே முடியும். இலங்கைக் கிராமங்களின் இத்தகைய காய் விளையாட்டுகளை நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியான ‘ஏன்ஷியன்ட் சிலோன்’ நூலில் கட்டப் படங்களுடன் விவரித்தார்; சிறுத்தையின் பெயரால் அமைந்த சிங்கள ஆட்டம் ஒன்றும் அதில் உண்டு.

குடாநாட்டு ஆண்களின் பொழுதை மிகுதியாக எடுத்துக்கொண்டது ‘முந்நூற்று நாலு’ என்னும் கடதாசி ஆட்டம். 32 தாள்களை நான்கு பேர், இருவர் இருவராகச் சேர்ந்து ஆடுவர். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 புள்ளிகள். எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76 ஆக, நான்கு இனங்களுக்கும் 304. ஆட்டத்தின் பெயர் இந்தக் கூட்டுத்தொகையே. ராசாவை ஜாக்கும் ஒன்பதும் வெல்லும் இந்த வரிசை ஐரோப்பாவின் யாஸ் குடும்பத்து ஆட்டங்களுக்கு உரியது. நெதர்லாந்தின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் துரும்பு இனத்தின் ஜாக்கும் ஒன்பதுமே மிக உயர்ந்த தாள்கள். ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணக் கோட்டையை வைத்திருந்தனர். தாள்களுக்கு வழங்கும் ஸ்கோப்பன், கிளாவர் போன்ற பெயர்களும் டச்சு மொழியிலிருந்து வந்தவை. கேரளத்தில் ஆடும் 28, 56 ஆகிய ஆட்டங்கள் இதன் நெருங்கிய உறவுகள்.

இந்த ஆட்டத்தில் முதல் நான்கு தாள்களைப் பார்த்தே ‘கேள்வி’ (ஏலம்) கேட்க வேண்டும். கேள்வியை வென்றவர் தாம் தெரிந்த துரும்பை யாருக்கும் காட்டாமல் கவிழ்த்து வைப்பார். கூட்டாளிக்கும் அது தெரியாது. கண்சாடை காட்டுவது கள்ள ஆட்டம். விழுந்த தாள்களை நினைவில் வைத்து, கூட்டாளி இறக்கும் தாளிலிருந்து அவர் மனத்தை ஊகித்து ஆட வேண்டும். காசு வைத்து ஆடுவதைவிட, வென்றபின் நீளும் நக்கலுக்காகவும் பிழையாக இறக்கிய தாளைப் பற்றிய வழக்குக்காகவும் ஆடியவர்களே அதிகம். கோயில் திருவிழா இரவு, கலியாண வீட்டுக்கு முந்திய இரவு, செத்தவீட்டில் விழித்திருக்கும் இரவு என ஆண்கள் கூடி விடியும்வரை காத்திருக்க வேண்டிய இடங்களில் இந்த ஆட்டம் வேரூன்றியது. அரசாங்க எழுதுவினைஞர்களாகக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் போனவர்களின் விடுமுறைப் பொழுதையும் அது நிரப்பியது.

பந்து விளையாட்டுகளின் வரலாறு 19ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறியையும் 1824இல் உடுவிலில் பெண்கள் பாடசாலையையும் நிறுவியது. ஆங்கிலேய மிஷன்களின் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் துடுப்பாட்டத்தை வளர்த்தன. ‘வடக்கின் பெரும் சமர்’ எனப்படும் இவ்விரு கல்லூரிகளின் போட்டி 1904இல் தொடங்கியது. துடுப்பாட்டத்துக்கு அகன்ற மைதானமும் விலையுயர்ந்த பொருள்களும் நாள் முழுக்க ஓய்வும் தேவை. கல்லூரிகளிடம் மூன்றும் இருந்தன. ஆகவே அது பழைய மாணவர் என்ற அடையாளத்தோடு ஒட்டிக்கொண்டது. மத்திய கல்லூரி மாணவராக இருந்த நா. எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். ஆசியப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

கிராமங்கள் தெரிவு செய்தது கரப்பந்தாட்டத்தை. அதை 1895இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் உருவாக்கியவர் வை.எம்.சி.ஏ. பயிற்றுநர் வில்லியம் மோர்கன். ஆசியாவெங்கும் அதைப் பரப்பிய வை.எம்.சி.ஏ.யின் கிளை வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் 1884இலேயே தொடங்கியிருந்தது. ஒரு வலை, ஒரு பந்து, இரண்டு கம்பம், பனங்காணிக்கு நடுவே ஒரு துண்டு நிலம் இருந்தால் போதும். வாசிகசாலையில் பத்திரிகை, அதன் பக்கத்தில் கரப்பந்தாட்டத் திடல், உள்ளே கரம் பலகை என்பது சனசமூக நிலையங்களின் வழமையான அமைப்பானது. குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் உதைபந்தாட்டம் முதலிடம் பெற்றது. கழகங்கள் பங்குத் தேவாலயத்தின் புனிதர் பெயரைத் தாங்கின. பெண்கள் பாடசாலைகளில் வலைப்பந்தாட்டம் வளர்ந்தது. குடாநாட்டில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளில் ஆடினார்.

உள்நாட்டுப் போர் இந்த வரிசையைக் கலைத்தது. 1990 நடுப்பகுதியில் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருளும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. தொலைக்காட்சிப் பெட்டிகள் மூலையில் கிடந்தன; சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள்; ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். கல்லூரிகளின் பெரும் போட்டிகள் பல ஆண்டுகள் நடக்கவில்லை. இருட்டிய பின் வெளியே நடமாட முடியாத காலத்தில் தாயம், கரம், கடதாசி ஆகியவை மீண்டும் வீட்டின் நடுவுக்கு வந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது கையில் எடுத்துச் செல்லக் கூடியதும் போன இடத்தில் பொறுக்கக் கூடியதுமே விளையாட்டுப் பொருளாயின. ஒளித்துப் பிடித்து ஆடிய சிறுவர்கள் ‘ஆமி’யும் (இராணுவம்) ‘இயக்க’மும் (போராளிகள்) என்று பிரிந்து ஆடினார்கள்.

உலகின் பிற இடங்களில் கணினி விளையாட்டு வளர்ந்ததும் அதை ஆடுவோரை வகைப்படுத்தத் தொடங்கியதும் ஏறக்குறைய இதே ஆண்டுகளில்தான். அதற்கு முன்பே, 1958இல், பிரெஞ்சு அறிஞர் ரொஜே கைய்வா விளையாட்டுகளைப் போட்டி, தற்செயல், பாவனை, தலைச்சுற்று என நான்காகப் பிரித்திருந்தார். கிளித்தட்டும் தாயமும் பிள்ளைகள் மண்ணில் சோறாக்கி விளையாடுவதும் ஊஞ்சலும் அந்த நான்குக்கும் பொருத்தமான உதாரணங்கள். இங்கிலாந்தின் ரிச்சர்ட் பார்ட்டில் 1996இல் கணினி விளையாட்டு ஆடுவோரைச் சாதிப்போர், ஆராய்வோர், உறவாடுவோர், அடித்து வீழ்த்துவோர் என வகுத்து, சீட்டின் நான்கு இனங்களின் பெயரை அவர்களுக்கு இட்டார். நிக் யீ தம் கூட்டாளியுடன் 2015இல் தொடங்கிய குவாண்டிக் ஃபவுண்ட்ரி ஆய்வகம், வயது ஏற ஏறப் பிறரோடு மோதி வெல்லும் ஆசை வேகமாகக் குறைகிறது என்றும் திட்டமிட்டு ஆடும் விருப்பம் பெரிதாக மாறுவதில்லை என்றும் கண்டது. இளைஞர் கிளித்தட்டிலும் முதியவர் முந்நூற்று நாலிலும் இருந்த ஊர் வழக்கத்துக்கு இது ஒத்துப்போகிறது.

குடாநாட்டில் திரை விளையாட்டு பரவலானது 2009இல் போர் முடிந்து கைபேசி பெருகிய பின்னரே. முன்பு நிலமும் பருவமும் செய்த தெரிவை இப்போது கருவி செய்கிறது. 2017இல் வந்த ஃப்ரீ ஃபயர் குறைந்த நினைவகம் உள்ள மலிவான கைபேசியிலும் ஓடும். 2018இல் வந்த பப்ஜி மொபைலுக்கு அதைவிட வலுவான கைபேசி வேண்டும். இரண்டும் சுட்டுத் தப்பிப் பிழைக்கும் விளையாட்டுகளே. எதை ஆடுகிறார் என்பது ஆடுபவரின் மனநிலையைக் காட்டுமுன் வீட்டின் வருமானத்தைக் காட்டிவிடும். பலர் இவற்றை நான்கு பேர் அணியாக, ஒலிவாங்கியில் பேசிக்கொண்டே ஆடுகிறார்கள். சுடுவதற்காக மட்டுமன்றி, இரவில் நண்பரோடு கூடியிருக்கவும் அதுவே இடமாகிறது. தாயத்தோடு உறவுள்ள பச்சீசியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான லூடோ, கைபேசிச் செயலியாகித் திரும்பி வந்து, 2020ஆம் ஆண்டின் முடக்க காலத்தில் வெவ்வேறு நாடுகளில் இருந்த உறவுகளை ஒரே பலகையைச் சுற்றி உட்கார வைத்தது.

முந்நூற்று நாலும் செயலியாகிவிட்டது. தாளைக் கலைப்பதும் புள்ளியைக் கூட்டுவதும் இயந்திரத்தின் வேலை; பிழையாக இறக்கிய தாளுக்கான வழக்கு மட்டும் தொலைபேசியில் தொடர்கிறது. டொரொன்டோவிலும் லண்டனிலும் குடாநாட்டார் கூடும் கலியாண வீடுகளிலும் ஒன்றுகூடல்களிலும் ஒரு மேசையில் அதே 32 தாள்கள் இன்னும் பிரிக்கப்படுகின்றன.