கல்லீரல் மாற்றுக்குப் பிந்தைய நீரிழிவு

கல்லீரல் மாற்று அறுவைக்கு முன் நீரிழிவு இல்லாதவருக்கு, அதன்பின் புதிதாகத் தோன்றும் நீரிழிவு. புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கும் மருந்துகளே முதன்மைக் காரணம்: டாக்ரோலிமஸ் கணையத்தின் இன்சுலின் சுரப்பைக் குறைக்கிறது, ஸ்டீராய்டுகள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன.

1989இல் கண்டறியப்பட்ட ஹெபடைடிஸ் சி வைரஸ் இந்த நீரிழிவின் ஆபத்தைக் கூட்டுகிறது. இரத்தத்தில் எஞ்சியிருக்கும் வைரஸ் புதிய கல்லீரலையும் பற்றிக்கொண்டு, அதன் செல்களில் இன்சுலினின் செயலைக் குலைக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு இத்தனை தெளிவான தொடர்பு இல்லை. 2013இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சோஃபோஸ்புவிர் அடங்கிய கூட்டு மருந்துகள் சி வைரஸைப் பெரும்பாலோரிடம் 12 வாரங்களில் அகற்றுகின்றன. நோயாளிகளுக்கு இது பெரிய விடுதலை. ஆனாலும் உடல் எடை, குடும்ப வரலாறு, மருந்துகள் சார்ந்த ஆபத்து நீடிக்கிறது. சர்க்கரைப் பரிசோதனையைக் கைவிடலாகாது. அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களின் சர்க்கரை உயர்வு தற்காலிகமானதாகவும் இருக்கலாம். இரத்தம் ஏற்றப்பட்டவரிடம் சராசரிச் சர்க்கரையைக் கணிக்கும் எச்பிஏ1சி சோதனை, அளவை உண்மையைவிடக் குறைத்துக் காட்டக்கூடும்.