விலையும் வினாவும்: வன்னிப் பிரதேசத்திற் சதவீதக் கணக்குக் கற்பித்தல் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

கணிதத்தைக் காலத்தாலும் இடத்தாலும் பாதிக்கப்படாத தூய அறிவாகக் கருதும் போக்கு எம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. இலக்கியத்திற்குச் சமூகப் பின்னணி உண்டு என்பதை ஏற்றுக்கொள்வோர்கூட, பள்ளிக்கூடக் கணக்கிற்கு அத்தகைய பின்னணி உண்டென்று கூறினால் ஐயுறவு கொள்வர். ஆயினும் ‘ஒரு வியாபாரி ஒரு பொருளை...’ என்று தொடங்கும் வினா எதுவும் வியாபாரி, பொருள், விலை ஆகிய மூன்றையும் முன்னிறுத்தியே நிற்கின்றது. அவ்வினாக்களுள் மாணவர் பெரிதும் இடறும் ஒருவகையை, அதாவது கூடிய அல்லது குறைந்த பின்னுள்ள விலையைத் தந்து முன்னைய விலையைக் காணச் சொல்லும் கணக்கை, வன்னிப் பெருநிலத்தின் பொருளியல் வரலாற்றோடு இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

கையிலுள்ள விளைவிலிருந்து மறைந்துள்ள முதலைக் காணும் தேவை எமக்குப் புதியதன்று. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளிற் காசு ஒன்றுக்கு ஆண்டொன்றில் அரைக்கால் காசு வட்டி, இன்றைய வழக்கிற் சொன்னால் 12.5 சதவீதம், குறிக்கப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் இன்ன செலவு நடக்கவேண்டுமாயின் எவ்வளவு முதல் வைக்கப்படவேண்டும் என்பதைக் கணித்தோர் பின்னோக்கியே கணித்திருத்தல் வேண்டும். ஈழத்தில், 1823 இல் நிறுவப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியின் கல்வி மரபில் வந்த கறோல் விசுவநாதபிள்ளை 1855 இல் ‘வீசகணிதம்’ என்னும் நூலை வெளியிட்டபோது, அறியாக் கணியத்தைக் குறியீட்டால் நிறுத்தித் தேடும் முறை தமிழ்வழி மாணவருக்கும் கிடைத்தது. எனினும் அக்கல்வி குடாநாட்டின் உத்தியோகக் கல்வியாகவே நெடுங்காலம் இருந்தது. வன்னியின் விவசாயக் குடும்பங்களைக் கணிதக் கல்வி பரவலாகச் சென்றடைவதற்கு 1945 இன் இலவசக் கல்வியும் அதன்பின் எழுந்த பாடசாலைகளும் வேண்டியிருந்தன.

வந்தடைந்த கணக்கு யாருடைய கணக்கு? இரணைமடுக் குளத்தின் கீழும் பின்னர் ஏனைய குடியேற்றத் திட்டங்களிலும் காணி பெற்றோர், 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து கூலிகளாகக் குடியமர்ந்தோர் என்போரின் பிள்ளைகள் கற்ற பாடநூல்களில், எப்போதும் 100 ரூபாவிற்கு வாங்கி 120 ரூபாவிற்கு விற்கும் பெயரற்ற கடைக்காரனே உலாவினான். விதைப்பின்போது கடன் வாங்கி அறுவடையில் நெல்லாகத் திருப்பிக் கொடுக்கும் தகப்பனின் கணக்கு அந்நூல்களில் இல்லை. நூற்றிலேயே தொடங்கும் கணக்கிற் பின்னோக்கிப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

உதாரணமாக 1958 இன் நெற்காணிச் சட்டத்தைக் கொள்வோம். பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த அச்சட்டம் நிலச் சொந்தக்காரர் பெறும் பங்கை விளைச்சலின் நான்கிலொன்று அல்லது ஏக்கருக்கு 12 புசல், இவற்றுள் எது குறைவோ அதற்குக் கட்டுப்படுத்தியது. (சட்டம் எங்கெங்கே எவ்வளவு நடைமுறைக்கு வந்தது என்பது தனியே எழுதப்படவேண்டிய கதை.) காற்பங்கு கொடுத்தபின் ஒரு ஏக்கரில் 36 புசல் எஞ்சியதாயின் மொத்த விளைச்சல் எவ்வளவு? 36 இன் காற்பங்கான 9 ஐக் கூட்டி 45 என்பதே மாணவரின் வழக்கமான விடை. 36 என்பது முழுமையின் 75 சதவீதம். எனவே முழுமை 48 புசல். இந்த 48 இல்தான் நான்கிலொன்றும் 12 புசலும் சந்திக்கின்றன. அதற்கு மேல் விளைந்தவை யாவும் உழுதவனுக்கே உரியவை. தவறிய மூன்று புசலை வெறும் விடைப்பிழை என்று தள்ளிவிட முடியாது.

பிழையின் ஊற்று ஒன்றே. சதவீதம் எதன்மீது கணிக்கப்பட்டது என்ற வினாவை மாணவர் எழுப்புவதில்லை. கண்முன் உள்ள தொகையையே நூறாகக் கொண்டுவிடுகின்றனர். இங்கேதான் மெய்யான விலைகளின் பயன் தெரிகின்றது. 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டமை, அவ்வாண்டு ஆகஸ்ட் 12 ஆந் திகதி ஹர்த்தாலுக்கு வழிகோலிற்று. உயர்வு 180 சதவீதம். உயர்ந்த விலை 70 சதம் என்பதை மாத்திரம் கூறிப் பழைய விலையைக் கேட்டால், 70 இன் 180 சதவீதத்தைக் கழிக்க முற்படும் மாணவர் 56 சதம் குறையில் வந்து நிற்பார். அரிசியைக் கொடுத்துக் காசையும் கொடுத்த அரசாங்கம் உலகில் இருந்ததில்லை. விடையின் அபத்தமே முறையின் தவறைக் காட்டிவிடுகின்றது. 70 ஐ 280 சதவீதமாகக் கொண்டு 2.8 ஆல் வகுத்தால் 25 சதம் கிடைக்கின்றது.

அண்மைய அனுபவமும் அத்தகையதே. 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாயிற்று. அக்கணக்கில் 1,949 ரூபாவிற்கு வாங்கிய சாமான்கள் முந்திய ஆண்டில் 1,000 ரூபா. கழித்தற் பிழை செய்வோர்க்கு விடை ஏறத்தாழ 99 ரூபா. முல்லைத்தீவில் வீட்டுச் சாமான் வாங்கப் போய்வரும் பிள்ளை எதுவும் அவ்விடையைக் கண்டு சிரிக்கும். விலையறிவே இங்கு ஆசிரியரின் துணை. பெறுமதி சேர் வரியில் அத்துணை எளிதாகக் கிட்டாது. 8 சதவீதமாயிருந்த அவ்வரி 2022 இல் முதலில் 12, பின்னர் 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 சதவீதமாயிற்று. வரியுடன் 1,180 ரூபாவாகிய பற்றுச்சீட்டில் வரிக்கு முந்திய விலை 1,000 ரூபா. கழித்துப் பார்ப்பவர் 967 ரூபா 60 சதம் என்பார். வேறுபாடு சிறிது; ஆகவே ஐயமும் எழுவதில்லை. சிறிய சதவீதங்களிலிருந்து தொடங்கும் பாடநூல் வழக்கம் இதனாலேயே தலைகீழானது என்பது எமது கருத்து.

விலை என்பது ஓரிடத்திற்கு ஒன்று என்னும் உண்மையை வன்னி மாணவர் வேறெவரையும்விடக் கடுமையாகக் கற்றவர். 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருள், சீமெந்து, உரம், மின்கலம் முதலியன தடுக்கப்பட்டபோது வவுனியா விலையும் கிளிநொச்சி விலையும் இரு வேறு உலகத்தவையாயின. 2002 இல் ஏ9 வீதி திறந்த பின்னரும், விடுதலைப் புலிகள் பொருள்கள்மீது அறவிட்ட வரி விலையோடு சேர்ந்தே வந்தது. கடைவிலையிலிருந்து பின்னோக்கிச் சென்று அடக்கவிலையைத் தேடுவது அக்காலத்தில் அன்றாட அனுபவம். எந்த வினாத்தாளிலும் அது இடம்பெற்றதாகத் தெரியவில்லை.

இன்று எடுத்துக்கொள்ளத்தக்க கணக்கொன்று உண்டு. 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்கு அரசாங்கம் அறிவித்த கொள்வனவு விலை கிலோ 120 ரூபா. அதற்குச் சற்று முன்னர், 2024 டிசம்பரில், நாட்டரிசியின் உச்சச் சில்லறை விலை 230 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. 100 கிலோ நெல்லிலிருந்து 60 கிலோ அரிசி கிடைக்குமெனக் கொண்டால், ஒரு கிலோ அரிசிக்கு எவ்வளவு நெல் வேண்டும்? குறைவது 40 சதவீதமாதலால் 1.4 கிலோ என்று கூறும் மாணவர், நெல்லின் பெறுமதியை 168 ரூபாவென்று கண்டு, இடைவெளி 62 ரூபா என முடிப்பர். ஒரு கிலோ என்பது வேண்டிய நெல்லின் 60 சதவீதம், நெல் 1.667 கிலோ, அதன் பெறுமதி 200 ரூபா, இடைவெளி 30 ரூபா. சுரண்டலைப் பற்றிப் பேசும் எம்மவருட் சிலரும் முதலாவது முறையிலேயே கணக்கிட்டு ஆத்திரமுறுவதைக் கண்டிருக்கிறோம். அந்த 30 ரூபாவும் ஆலைக்காரரின் இலாபமன்று. மின்சாரம், கூலி, போக்குவரத்து, சில்லறைக் கடையின் பங்கு ஆகியவற்றைக் கழிக்கவேண்டும். உமி, தவிடு, குறுநொய் ஆகியவற்றின் விலையைக் கூட்டவேண்டும். அவ்விலைகள் பாடநூலில் இல்லை. பரந்தன் பக்கத்து அரிசி ஆலையொன்றிற் கேட்டுவரும்படி பத்தாம் வகுப்பு மாணவரை அனுப்பலாம்.